மலை நகரம் முழுவதையும் மின்சாரத்துக்கு மாற்றுதல்: ஹட்டன் போன்ற நகருக்கும் சுற்றியுள்ள தோட்டங்களுக்குமான வலையமைப்பு வழிகாட்டி

விறகும் கேஸும் மண்ணெண்ணெயும் இல்லாமல், சமையல், சுடுநீர், முச்சக்கரவண்டி எல்லாமே கரண்டில் ஓடும் ஓர் இலங்கை மலை நகரத்துக்கு வலையமைப்பை எப்படித் தயார்படுத்துவது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். மின் விநியோக நிறுவனத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், பிரதேச சபைப் பொறியியலாளர், தோட்ட வீடமைப்பில் இருப்பவர், தொழிற்சங்கத்தின் சார்பில் கேள்வி கேட்கப் போகிறவர் ஆகிய நால்வரையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம்.

பழைய லக்ஷபான மின்நிலையம் 1950 இல் ஓடத் தொடங்கியது. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களும், தலவாக்கலையில் 2012 முதல் இயங்கும் 150 மெகாவாற்று மேல் கொத்மலையும் இதே மலையில்தான் இருக்கின்றன. ஆகவே கரண்ட் எங்கிருந்து வரும் என்பது இங்கே பெரிய கேள்வி இல்லை. 132 கிலோவோல்ட் கோபுரத்திலிருந்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இஸ்தோப்பு (முன்திண்ணை) வரையுள்ள கடைசிச் சில கிலோமீற்றரில்தான் கோளாறு. அந்தக் கடைசித் தூரத்திலும் முதல் எதிரி வோல்ற்றளவு வீழ்ச்சி, அதாவது கம்பி நீள நீள அதன் முனையில் வோல்ட் குறைவது. டிரான்ஸ்போமரின் அளவு அதற்கு அடுத்ததுதான். பெரும்பாலான திட்டங்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, பெரிய டிரான்ஸ்போமரை வாங்கிப் பழைய இடத்திலேயே நட்டுவிட்டு, ஏன் இன்னும் பல்ப் மங்குகிறது என்று யோசிக்கின்றன.

படி 1: வாங்குவதற்கு முன் அளப்பது

ஒவ்வொரு டிரான்ஸ்போமரின் தாழ்வோல்ற்றளவுப் பக்கத்திலும் (வீடுகளுக்குப் போகும் பக்கம்) 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதியும் மானியைக் குறைந்தது இரண்டு வாரம் மாட்டுங்கள். மூன்று பேஸ்களோடு (மின் வரும் கம்பிகள்) நியூட்ரலின் (மின் திரும்பும் பொதுக் கம்பி) கரண்டையும் பதியுங்கள். பலர் நியூட்ரலை விட்டுவிடுகிறார்கள். இன்னொரு வோல்ற்றளவுப் பதிவுமானி, அந்த டிரான்ஸ்போமரிலிருந்து ஆகத் தூரத்திலுள்ள வீட்டின் பிளக்கில் இருக்க வேண்டும். ஜூன், ஜூலைக் குளிரில் ஒரு பதிவும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு பதிவும் இருந்தால் நல்லது.

இலங்கையில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட், கூடவோ குறையவோ 6 சதவீதம். அதாவது 216 முதல் 244 வரை. கடைசி வீட்டில் இரவு ஏழரைக்கு 205 காட்டினால், அந்த லைனில் இன்னும் ஒரு இன்டக்ஷன் அடுப்புக்கூட ஏற்ற முடியாது.

படி 2: நாளைய சுமையைக் கணிப்பது

நகர வீடுகளுக்கான கணக்கைத் தோட்டத்துக்கு அப்படியே போடக்கூடாது. கொழும்பில் ஒரு வீட்டில் ஆறு மணிக்குச் சமையல் என்றால் அடுத்த வீட்டில் எட்டு மணிக்கு. அந்தச் சிதறலை நம்பித்தான் வீட்டுக்கு இவ்வளவு என்று சராசரி எடுப்பார்கள். லயத்தில் அப்படி நடக்காது. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள் எல்லோரும் விடியற்காலை நாலரைக்கும் ஆறரைக்கும் இடையில் அடுப்பு மூட்டுகிறார்கள். மாலையில் மறுபடியும் ஆறிலிருந்து எட்டு வரை. ஆகவே தோட்டத்து லைனில் உச்சம் இரண்டு. காலை உச்சத்தைக் கணக்கில் எடுக்காத திட்டம் முதல் மாதத்திலேயே பியூஸைத் தின்னும்.

கணிப்புக்குக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்: இன்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் 2000 வாற்று, கேத்தல் 1500 முதல் 2000, ரைஸ் குக்கர் 700 முதல் 1000, உடனடிச் சுடுநீர் கருவி 3 முதல் 5 கிலோவாற்று, தாங்கி வைத்த கீஸர் 1.5 முதல் 2 கிலோவாற்று. எல்லாவற்றையும் கூட்டாதீர்கள். விளக்கும் டீவியும் மட்டுமுள்ள லயத்து வீட்டுக்கு உச்சநேரச் சராசரி அரைக் கிலோவாற்று என்று வைத்தால், முழுச் சமையலும் கரண்டுக்கு மாறிய பின் 2 கிலோவாற்று என்று வைப்பது எங்கள் வழக்கம். உடனடிச் சுடுநீர் கருவியை அனுமதித்தால் அது 3ஐத் தாண்டும்.

எனவே கம்பி வாங்குவதற்கு முன் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் நேரம் வீண்போகாது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் பருப்பு வேக நேரம் எடுக்கும், 2000 வாற்று அடுப்பும் அவ்வளவு நேரம் எரியும். 1000 வாற்று மின் பிரஷர் குக்கர் அதே வேலையைப் பாதி உச்சச் சுமையில் முடிக்கிறது. சுடுநீருக்கும் இதே நியாயம்தான். 80 லீற்றரை 15 பாகையிலிருந்து 45க்கு ஏற்றச் சுமார் 2.8 அலகு தேவை, 1.5 கிலோவாற்றுத் தாங்கிக் கீஸர் இரவு பத்தரைக்குப் பிறகு இரண்டு மணித்தியாலத்தில் அதை முடித்துவிடும். ஐந்து கிலோவாற்று உடனடிக் கருவி, எல்லோரும் குளிக்கும் அதே நேரத்தில் லைனை அமுக்கும். மானியம் கொடுப்பதென்றால் தாங்கிக்கும் பிரஷர் குக்கருக்கும் கொடுங்கள். டிரான்ஸ்போமருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது மலிவு.

படி 3: தூரத்தைக் கணக்கிடுவது

இந்த வேலை முழுவதற்கும் அச்சாணி இந்தப் படிதான், மெதுவாகவே போவோம்.

தாழ்வோல்ற்றளவு லைனுக்கு இங்கே வழக்கமாக இழுக்கப்படுவது ஏபிசி எனப்படும் முறுக்கிய காப்புக் கம்பி: 70 சதுர மில்லிமீற்றர் பேஸ் மூன்று, 54.6 நியூட்ரல், 16 தெருவிளக்குக் கம்பி. சூடான நிலையில் 70இன் தடை கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.5 ஓம். இதிலிருந்து ஒரு கைக்கணக்கு கிடைக்கிறது: சமனான மூன்று பேஸில் கொண்டுபோகும் கிலோவாற்றைத் தூரக் கிலோமீற்றரால் பெருக்கி, அதை 0.31ஆல் பெருக்கினால் வீழ்ச்சி சதவீதத்தில் வரும்.

ஓர் உதாரணம். டிரான்ஸ்போமரிலிருந்து 600 மீற்றர் பள்ளத்தில் நான்கு லயம், லயத்துக்குப் 12 காம்பரா (ஒரு குடும்பத்தின் வீடு), மொத்தம் 48 வீடு. இன்று 24 கிலோவாற்று: 24 × 0.6 × 0.31, அதாவது சுமார் 4.5 சதவீதம். தாக்குப்பிடிக்கிறது. நாளை 96 கிலோவாற்று: 18 சதவீதம். கடைசி வீட்டில் 190 வோல்ட்கூட நிற்காது. அதோடு, அனுப்பும் சக்தியில் கிட்டத்தட்ட அதே விகிதம் கம்பியைச் சூடாக்குவதிலேயே போய்விடும். பக்கத்தில் இன்னொரு ஏபிசி இழுத்தால் 9 சதவீதம், அதுவும் போதாது. மேட்டிலுள்ள 100 கேவிஏ (டிரான்ஸ்போமரின் கொள்ளளவு அலகு) டிரான்ஸ்போமரை எடுத்துவிட்டு 400 வைத்தாலும் இந்த எண் அசையாது.

சரியான தீர்வு உயர்வோல்ற்றளவை (33 கிலோவோல்ட் லைனை) லயத்தின் அருகே இறக்குவதுதான். டிரான்ஸ்போமர் 100 மீற்றரில் இருந்தால் 96 × 0.1 × 0.31, அதாவது 3 சதவீதம். அதே 96 கிலோவாற்றை 33 கிலோவோல்ட்டில் 500 மீற்றர் இறக்க ஓடுவது 2 அம்பியருக்கும் குறைவு. வீழ்ச்சி எண்ணவே வேண்டாத அளவு.

மொத்தம் 6 சதவீதத்தில் உயர்வோல்ற்றளவுப் பக்கத்துக்கும் வீட்டுக்கு இறங்கும் சர்வீஸ் வயருக்கும் 2 சதவீதம் ஒதுக்குங்கள். தாழ்வோல்ற்றளவு லைனுக்கு 4 மிஞ்சும். அதாவது சுமை முழுவதும் முனையில் என்றால் 13 கிலோவாற்று-கிலோமீற்றர், லைன் நெடுகப் பரவியிருந்தால் அதன் இரு மடங்கு. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். தூரத்தை வரைபடத்தில் நேர்கோடாக அளக்காதீர்கள். மலையில் கம்பி பாதையோடும் ஓடையோடும் வளைந்து போகும்; நேர்கோட்டில் 400 மீற்றர் என்று தெரிவது நடந்து பார்த்தால் 600 ஆகிவிடும்.

படி 4: பேஸ் சமன்செய்தல்

செலவு மிகக் குறைந்த, ஆனால் ஆகக் குறைவாகச் செய்யப்படும் வேலை இது. ஒரு லைனில் மூன்று பேஸிலும் 90, 40, 20 அம்பியர் ஓடுகிறது என்று வைப்போம். நியூட்ரலில் 62 அம்பியர் திரும்பி வரும். 300 மீற்றரில் கனத்த பேஸில் இருக்கும் வீடு சுமார் 26 வோல்ட்டை இழக்கும், அதாவது 11 சதவீதம். அதே 150 அம்பியரை 50, 50, 50 என்று பிரித்தால் இழப்பு ஏழரை வோல்ட், 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஒரு மீற்றர் புதுக் கம்பிகூட வேண்டாம். லைன்மேன் ஒருவர் அரைநாள் இணைப்புகளை மாற்றினால் முடிந்தது.

லயங்களில் இது ஏன் குழம்புகிறது என்றால், ஒரு லயத்துக்கு ஒரே பேஸை இறக்கி வரிசையாகப் பன்னிரண்டு மீற்றரும் அதிலேயே தொங்கும். ஒரே காலத்தில் கனெக்ஷன் கொடுக்கும்போது அதுதான் வசதி. மாற்றும்போது முதல் காம்பரா சிவப்பு, இரண்டாவது மஞ்சள், மூன்றாவது நீலம் என்று சுழற்றி எழுதி, தூணில் வர்ண அடையாளம் போடுங்கள். அடையாளம் இல்லாவிட்டால் அடுத்த முறை பழுதுபார்க்க வருபவர் எல்லாவற்றையும் கிட்டே இருக்கும் பேஸில் மாட்டிவிட்டுப் போவார்.

இதே வேலையின்போது நியூட்ரல் இணைப்புகளையும் பாருங்கள். அலுமினியக் கம்பியும் செப்புக் கம்பியும் நேரடியாகத் தொட்டால் மலைப் பனியில் சீக்கிரம் அரித்துப்போகும். இரு உலோகத்துக்கான இணைப்பியைப் பசையோடு, சொல்லப்பட்ட முறுக்கில் இறுக்க வேண்டும். நியூட்ரல் விட்டுப்போனால் குறைந்த சுமையுள்ள பேஸிலிருக்கும் வீட்டுக்கு 400ஐ நோக்கி வோல்ற்றளவு ஏறும். டீவி, பிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் ஒரே இரவில் எரிந்தது என்று புகார் வந்தால் முதலில் நியூட்ரலைத் தேடுங்கள்.

படி 5: டிரான்ஸ்போமர்

மேலேயுள்ள 48 வீட்டுக்கு 96 கிலோவாற்று என்றால் ஏறத்தாழ 101 கேவிஏ. 160 கேவிஏ சரியான அளவு. அதன் முழுக் கரண்ட் 400 வோல்ட்டில் 231 அம்பியர். 250 வாங்கி வைத்தால் கேடில்லை, ஆனால் சுமையில்லாத நேர இழப்பு வருடம் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பெரியதை நடுவில் வைப்பதைவிட இரண்டு சிறியவற்றைச் சுமைக்கு அருகே வைப்பதுதான் மலைக்குப் பொருந்தும்.

உயரத்தைப் பற்றி இரண்டு விடயம். ஆயிரம் மீற்றருக்கு மேல் காற்று மெலிவதால் எண்ணெய் டிரான்ஸ்போமரின் அனுமதிக்கப்பட்ட வெப்ப உயர்வை 400 மீற்றருக்கு ஒரு பாகை குறைக்க வேண்டும். நுவரெலியாவில் அது இரண்டு பாகை. ஆனால் அங்கே காற்றே கொழும்பைவிடப் பத்துப் பாகைக்கு மேல் குளிர், ஆதலால் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது காப்பு இடைவெளி, அதாவது மின்னேறிய பாகங்களைச் சுற்றியுள்ள காற்று இடைவெளி. ஆயிரத்துக்கு மேல் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஒரு சதவீதம் கூட்ட வேண்டும். 33 கிலோவோல்ட் பக்கம் 320 மில்லிமீற்றர் என்று வரைபடத்தில் இருந்தால் நுவரெலியாவில் 350 வையுங்கள். சமவெளிக்குச் செய்த பொருத்தியை அப்படியே ஏற்றினால் பனிமூட்ட இரவுகளில் பொறி பாயும்.

இடி ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கடுமை. மின்னல் தடுப்பானை டிரான்ஸ்போமரின் எண்ணெய்த் தாங்கியிலேயே பொருத்துங்கள். தூணின் மறுபக்கத்தில் வைத்து நீண்ட வயர் ஓட்டினால், ஒரு மீற்றர் வயருக்குச் சுமார் ஆயிரம் வோல்ட் கூடுதலாக டிரான்ஸ்போமரின் மேல் விழும். குரங்கு, வௌவால், பாம்பு ஏறும் இடங்களில் உயர்வோல்ற்றளவு முனைகளுக்குக் காப்பு உறை அவசியம். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதே தொடக்கம் என்று அறிவித்தார்கள். நாடே சிரித்த அந்தச் செய்தி மலையில் டி.டி.எல்.ஓ. பியூஸ் (தூணில் கீழே விழுந்து திறக்கும் உயர்வோல்ற்றளவு பியூஸ்) மாற்றப் போகிறவருக்குப் புதிதில்லை.

டாப் மாற்றியை (டிரான்ஸ்போமர் தரும் வோல்ற்றளவைக் கூட்டிக் குறைக்கும் திருகி) கையாளும்போது நிதானம் வேண்டும். மாலையில் வோல்ற்றளவு குறைகிறது என்று டாப்பை ஏற்றிவிட்டால், நண்பகலில் சூரியத் தகடுகள் ஓடும்போது 244ஐத் தாண்டி இன்வேர்ட்டர்கள் தாமாக நின்றுவிடும். டாப் என்பது தூரத்துக்கு மருந்து இல்லை. அதை மாற்றுவதும் மின்னை முழுவதும் நிறுத்திய பிறகே. ஓட்டத்தில் திருப்பினால் டிரான்ஸ்போமர் போய்விடும்.

படி 6: 33 கிலோவோல்ட் முதுகெலும்பு

பழைய 11 கிலோவோல்ட் லைன் எங்காவது மிஞ்சியிருந்தால் 33க்கு மாற்றுவதை முதலில் வையுங்கள். அதே கம்பி, அதே சுமை, வீழ்ச்சி ஒன்பதில் ஒரு பங்காகிறது. அடுத்தது கம்பியின் தடிப்பு: வீசல் மெல்லியது, ரக்கூன் அதைவிடத் தடிப்பு, லின்க்ஸ் ஆகத் தடிப்பு. வீசல் கம்பியில் 2 மெகாவாற்றை 20 கிலோமீற்றர் கொண்டுபோனால் 4 சதவீதத்துக்கும் மேல் விழும். ரக்கூனில் அதில் பாதிதான். நகரத்தின் இரு முனைகளையும் இணைக்கும் பிரதான லைனுக்கு லின்க்ஸ் போடுங்கள். கிளைகளுக்கு ரக்கூன் போதும்.

கம்பியைவிட வழி முக்கியம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தை எடுத்து, அதன்மேல் லைன் பாதையை வரைந்த பிறகே தூண் இடங்களைக் குறியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சரித்துப்போட்ட பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சரியும் சரிவில் நிலத்தடிக் கேபிளும் தப்பாது; மண்ணோடு போகும், பழுதைக் கண்டுபிடிக்கவே நாளாகும். பள்ளத்தைத் தாண்ட வேண்டுமானால் இரு மேடுகளிலும் பலமான தூண் நட்டு ஒரே தாவலில் இழுப்பது மேல். ஒவ்வொரு நகரப் பகுதிக்கும் இரண்டு திசையிலிருந்து மின் வர வேண்டும், நடுவில் சுமையோடு திறக்கும் சுவிட்ச் இருக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் ஒதுக்கில் இல்லாத வீட்டில் கரண்ட் போனால் சோறும் இல்லை. அதனால் முழு மின்மயமாக்கலில் இரட்டை வழி ஆடம்பரம் ஆகாது.

டர்பன்டைன் மரங்களை லைனுக்கு அருகில் நிற்க விடாதீர்கள். அவற்றின் கிளை காற்றில் முறியும். தோட்ட நிலம் என்பதால் மரம் வெட்டவும் தூண் நடவும் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். இழுபறியானால் விடயம் பிரதேச செயலகத்துக்குப் போகும். இந்தக் கடிதப் போக்குவரத்தை கம்பி ஓர்டர் கொடுக்கும் அன்றே தொடங்குங்கள். கம்பி கப்பலில் வந்து சேர்ந்த பிறகும் கடிதம் வராமல் கிடந்தால் வேலை மழைக்காலத்துக்குள் தள்ளிப்போகும்.

படி 7: லயத்துக்குள்

வெளியே எவ்வளவு செலவழித்தாலும், இஸ்தோப்பில் தொங்கும் பழைய வயரில்தான் தீ பிடிக்கிறது. ஒரு சாதாரண ஒற்றைப் பேஸ் கனெக்ஷன் 30 அம்பியர், அதாவது 6.9 கிலோவாற்று. சமையலுக்கும் ஒரு தாங்கிக் கீஸருக்கும் அது போதும், ஆனால் வயரிங் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

அடுப்புக்குத் தனிச் சுற்று: பிரேக்கர் பெட்டியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், 13 அம்பியர் சதுர முள் பிளக். பல்ப் ஹோல்டரிலிருந்து எடுத்த கிளையில் இன்டக்ஷன் அடுப்பு ஓட்டினால் வயர் கூரைக்குள் யாருக்கும் தெரியாமல் சூடாகும். பக்கத்துக் காம்பராவுக்கு வயர் இழுத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஒரே குடும்பம் பிரிந்து வாழும்போது அதைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அப்படி இரண்டு அடுப்பு ஒரே மீற்றரில் ஏறும். தனி மீற்றர் கொடுப்பதே தீர்வு. வீட்டுக்கு உரிமைப் பத்திரம் இல்லாதவர்களுக்கு நிர்வாகக் கடிதத்தின் பேரில் கனெக்ஷன் கிடைக்கும் வழியைத் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

கரண்ட் கசிந்தால் மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியர் கட்டாயம். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த எர்த் ரொட் (நிலத்தில் இறக்கும் உலோகக் கோல்) இருக்க வேண்டும். பாறை மண்ணில் அதன் தடை கூடும். கணக்குப்படி 1600 ஓம் வரை ட்ரிப் சுவிட்ச் விழும், ஆனாலும் வறண்ட பெப்ரவரி மாதத்தில் அளந்து 100க்குக் கீழே வையுங்கள். மழைக்காலத்தில் அளந்த எண் ஏமாற்றும். ரொட் இறங்காவிட்டால் லயத்தின் நீளத்துக்கு அகழி வெட்டிச் செப்புப் பட்டியைப் புதைத்து எல்லா வீட்டுக்கும் பொது எர்த் கொடுக்கலாம். அடிக்கடி விழுகிறது என்று ட்ரிப் சுவிட்சை நேராக இணைத்து வைத்திருக்கும் வீடுகளைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஈரச் சுவரில் புதைந்த பழைய வயரே காரணமாக இருக்கும்.

படி 8: சூரியத் தகடு, சார்ஜிங், தேயிலைத் தொழிற்சாலை

தகடுகள் பகலில் தருகின்றன, லயம் விடியலிலும் மாலையிலும் கேட்கிறது. நீண்ட லைனின் முனையில் தகடு வைத்தால் படி 3இன் அதே கணக்கு தலைகீழாக ஓடும்: வீழ்ச்சிக்குப் பதில் ஏற்றம். எனவே பெரிய தகட்டு அமைப்பு டிரான்ஸ்போமருக்கு அருகில், சிறியவை முனையில். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, கடைவீதி போன்று பகலில் பயன்படுத்தும் கூரைகளுக்கு முதலிடம். முச்சக்கரவண்டிச் சார்ஜிங்கை நண்பகலில் ஹட்டன் நிறுத்துமிடத்திலேயே செய்ய வைத்தால் தகட்டு மின்னுக்கு அங்கேயே சுமை கிடைக்கும். இரவு வீட்டில் என்றால் பத்தரைக்குப் பின் தொடங்கும் நேரச் சுவிட்ச்.

தோட்டத்துச் சிறு நீர்மின் நிலையம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை ஓடை பெருகும். மழைக்குளிரில் சுடுநீர் அதிகம் வேண்டிய காலமும் அதுவே, லைன் முனையில் வோல்ற்றளவைத் தாங்குவதும் அந்த நிலையமே.

தொழிற்சாலையில் வாட்டும் விசிறியும் உருட்டும் இயந்திரமும் ஏற்கனவே கரண்டில்தான். உலர்த்தியை இப்போதைக்குத் தொடாதீர்கள். மணிக்கு 125 கிலோ தேயிலை உலர்த்தும் இயந்திரம், கிலோவுக்கு 2 அலகு என்று வைத்தாலே 250 கிலோவாற்று கேட்கும். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளின் சமையல் சுமை அது. வாட்டுவதற்கான இளஞ்சூட்டுக் காற்றை வெப்பப் பம்பிக்கு மாற்றுவது முதல் கட்டம். உலர்த்தி கடைசிக் கட்டம், அதுவும் தனி 33 கிலோவோல்ட் இணைப்பில்.

படி 9: கையேற்கும் முன் சோதனை

புது டிரான்ஸ்போமரை மின்னேற்றிய பின் பேஸ் வரிசையைச் சரிபாருங்கள். தலைகீழானால் அரைக்கும் ஆலையின் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். எண்ணெய்க் கசிவைப் பாருங்கள், எர்த் தடையை அளவுங்கள், ஒவ்வொரு இணைப்பின் சூட்டையும் வெப்பக் கமராவில் பதிவு செய்யுங்கள். சூட்டைப் பகலில் பதிந்தால் எதுவும் தெரியாது. சுமை ஏறியிருக்கும் இரவு ஏழரைக்கே போக வேண்டும்.

பிறகு கடைசி வீட்டுப் பிளக்கில் படி 1இல் வைத்த அதே பதிவுமானியை மறுபடி ஒரு வாரம் மாட்டுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும்போது, அது 216க்கு மேல் நின்றால் அடுத்த லயத்துக்குப் போகலாம். நிற்காவிட்டால் முதலில் பேஸ் சமன், பிறகு நியூட்ரல் இணைப்பு, அதற்கும் பிறகுதான் கம்பி.